மக்காச்சோளமும் யூரியா மூட்டைக் கணக்கும்

ஒரு டன் மக்காச்சோள மணி விளைய, பயிர் ஏறத்தாழ 20 முதல் 25 கிலோ தழைச்சத்தை எடுத்துக்கொள்கிறது. ஏக்கருக்கு மூன்று டன் விளைச்சல் என்றால் 75 கிலோவுக்கு மேல் போகாது. அதிலும் ஒரு பங்கை மண்ணே கொடுத்துவிடும். ஆனால் இறவையில் வீரிய ஒட்டு மக்காச்சோளத்துக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் அளவு ஹெக்டேருக்கு 250 கிலோ, அதாவது ஏக்கருக்கு 100 கிலோ. ஏன் இவ்வளவு? போடுவதெல்லாம் வேருக்குப் போய்ச் சேர்வதில்லை என்பதுதான் காரணம்.

முதலில் மூட்டைக் கணக்கு. இப்போதைய யூரியா மூட்டை 45 கிலோ. அதில் 46 சதவீதம் தழைச்சத்து. ஆக, மூட்டைக்குச் சுமார் 20.7 கிலோ. மணிச்சத்துக்காக ஏக்கருக்கு 65 கிலோ டிஏபி போட்டால் அதிலேயே கிட்டத்தட்ட 12 கிலோ தழைச்சத்து வந்துவிடும். மிச்சத்துக்கு நாலே கால் மூட்டை யூரியா போதும். டிஏபியில் வந்ததைக் கழிக்காமல் ஐந்து மூட்டையை இறைப்பது வீண் செலவு.

எந்த உரம் நல்லது? வேருக்குப் போய்ச் சேர்ந்த பிறகு யூரியாவின் சத்துக்கும் அம்மோனியம் சல்பேட்டின் சத்துக்கும் பயிர் வேறுபாடு பார்ப்பதில்லை. போகும் வழியில் எது எவ்வளவு தொலைகிறது என்பதில்தான் வித்தியாசம். யூரியாவை ஈர நிலத்தின் மேல் தூவிவிட்டு வந்தால், மண்ணிலுள்ள நொதி அதைச் சில நாட்களில் சிதைத்து, ஒரு பகுதியை அம்மோனியா வாயுவாகப் பறக்கவிடும். சுண்ணாம்புச் சத்து மிகுந்த கரிசலில், வெயில் நாளில், இந்த இழப்பு இன்னும் கூடும். வேப்பெண்ணெய் பூசிய யூரியா இதற்கு மருந்தல்ல. அது தடுப்பது அடுத்த கட்டத்தை, அம்மோனியம் நைட்ரேட்டாக மாறும் வேகத்தை மட்டுமே. மண்ணுக்குள் மூடுவதும் உடனே நீர் பாய்ச்சி உள்ளிறக்குவதும்தான் வழி. மேலுரம் வைத்து மண் அணைப்பது அதனால்தான் பலன் தருகிறது. அம்மோனியம் சல்பேட்டில் கந்தகமும் கிடைக்கும்; கந்தகம் குறைந்த நிலத்தில் அது கூடுதல் லாபம். ஆனால் தழைச்சத்து 21 சதவீதத்தை ஒட்டியே இருப்பதால் இரண்டு மடங்குக்கு மேல் சுமக்க வேண்டும்.

என்னைக் கேட்டால், உர வகையைவிட போடும் நாளே விளைச்சலை அதிகம் தீர்மானிக்கிறது. முளைத்த முதல் மூன்று வாரம் பயிருக்குப் பெரிய பசியில்லை. முழங்கால் உயரத்திலிருந்து ஆண் பூ வரும்வரைதான் அது வேகமாகச் சத்தை இழுக்கும். கதிரில் எத்தனை மணி பிடிக்கலாம் என்பதும் அந்த நாட்களில்தான் முடிவாகிறது. அதனால்தான் கால் பங்கு அடியுரம், 25ஆம் நாள் பாதி, 45ஆம் நாள் மீதி என்று பிரிக்கிறார்கள். பட்டு நூல் விடும் நேரத்தில் பட்டினி கிடந்த செடியின் கதிரில் நுனி மணியில்லாமல் மொட்டையாக நிற்கும்.

அளவைக் கூட்டக் கூட்ட விளைச்சல் அதே வீதத்தில் ஏறாது. முதல் மூட்டை தரும் பலனை நான்காவது மூட்டை தராது; ஒரு கட்டத்துக்கு மேல் செடி தழைத்து, முற்றத் தாமதித்து, காற்றில் சாய்வதுதான் மிச்சம். பெரம்பலூர் கரிசலில் புரட்டாசியில் விதைக்கும் மானாவாரிக்கு இறவை அளவைப் போடுவதில் அர்த்தமில்லை. அங்கே விளைச்சலுக்கு வரம்பு கட்டுவது மழை.

2021இல் வந்த நானோ யூரியாவின் அரை லிட்டர் பாட்டிலில் இருந்தது 4 சதவீதம், அதாவது ஏறக்குறைய 20 கிராம் தழைச்சத்து. அது ஒரு மூட்டைக்கு ஈடாகும் என்பதை நம்பக் கொஞ்சம் தைரியம் வேண்டும்.

அடி இலைகளில் நுனியிலிருந்து நடு நரம்பு வழியாக V வடிவில் மஞ்சள் பரவினால் தழைச்சத்துக் குறை. ஓரம் மட்டும் காய்ந்தால் அது சாம்பல் சத்து. மழைக்குப் பின் வயலே மஞ்சளித்தால் யூரியா வாங்க ஓடுவதற்கு முன் தேங்கிய நீரை வடித்துவிடுங்கள். மூச்சு முட்டும் வேருக்கு உரம் போட்டும் பயனில்லை. நீர் தேங்கிய மண்ணில் நைட்ரேட்டும் வாயுவாகிப் போய்விடும்.