சிவப்பாக இருந்தால் போதுமா?

பீடோங் பக்கம் இருக்கும் என் மாமாவின் பிக்-அப், செம்பனைக் குலை ஏற்றிக்கொண்டு மேடு ஏறும்போது ஒருநாள் உதற ஆரம்பித்தது. ஆக்சிலேட்டரை மிதித்தால் இன்ஜின் கத்துகிறது, வண்டி தயங்குகிறது. இரண்டு மாதத்துக்கு முன்புதான் ஆட்டோ கியர் எண்ணெய் மாற்றியிருந்தார். "எல்லாம் ஒரே சிவப்பு எண்ணெய்தான், அண்ணே" என்று ஊற்றிக் கொடுத்துவிட்டார்களாம்.

நான் மைக் முன்னால் உட்கார்ந்து பழகியவன், வண்டிக்கடியில் படுத்தவன் அல்ல. மாமாவுக்காகத்தான் கையேட்டைப் புரட்டினேன்.

சிவப்பு வெறும் சாயம். கசிந்தால் எது கசிகிறது என்று தெரிவதற்காகச் சேர்ப்பது. ஆட்டோ கியரில் எண்ணெய்க்கு வேலை அதிகம். இன்ஜினின் சக்தியைக் கடத்துவது, கிளட்ச் தட்டுகளை அழுத்துவது, சூட்டைத் தணிப்பது எல்லாமே அதுதான். தட்டுகள் எண்ணெயில் நனைந்தபடியே ஒன்றையொன்று பிடிக்க வேண்டும். அந்தப் பிடி எப்படி இருக்க வேண்டும் என்பது பெட்டிக்குப் பெட்டி மாறும். தப்பான எண்ணெய் என்றால் உதறும், வழுக்கும், சூடேறித் தட்டு கருகும்.

ஆறு கியர் ஹைலக்ஸ் கேட்பது டொயோட்டா டபிள்யூ.எஸ். பழைய ட்ரைடனுக்கு எஸ்.பி.-III. ரேஞ்சரில் ஆறு கியருக்கு மெர்கான் எல்.வி., பத்து கியருக்கு அதைவிட நீர்த்த மெர்கான் யூ.எல்.வி. ஒரே பெயர் கொண்ட வண்டிக்கே இரண்டு எண்ணெய்! டெக்ஸ்ரான்-III என்ற பெயரை இன்றும் போத்தல்களில் பார்க்கலாம். ஜெனரல் மோட்டார்ஸ் அதற்கு உரிமம் கொடுப்பதை 2006 இறுதியோடு நிறுத்திவிட்டது. 'எல்லா வண்டிக்கும் ஏற்றது' என்று விற்கும் எண்ணெயை ஒரேயடியாக ஒதுக்கவும் வேண்டாம். பின்பக்கத்துப் பொடி எழுத்தில் உங்கள் கையேடு சொல்லும் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வைத்துவிடுங்கள்.

எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுவது? டவுனுக்குள் ஓடும் வண்டிக்குச் சொன்ன கணக்கு, பாரத்தோடு செம்மண் ரோட்டில் ஊர்ந்து போகும் தோட்டத்து வண்டிக்குப் பொருந்தாது. கடும் உழைப்புக்கென்று கையேட்டில் தனிக் கணக்கு இருக்கும், அதைப் பாருங்கள்.

தப்பாக ஊற்றியதை வெளியே எடுப்பதும் சுலபமில்லை. திருகைக் கழற்றினால் ஒரு பகுதிதான் வடியும். மிச்சம் டார்க் கன்வெர்ட்டருக்குள் தங்கிவிடும். சுங்கைப் பட்டாணியில் வேறொரு ஃபோர்மேன், வடிப்பதும் சரியான எண்ணெய் ஊற்றி ஓட்டுவதுமாக மூன்று முறை செய்தார். உதறல் குறைந்திருக்கிறது; முழுதாகப் போகவில்லை.

மாமா இப்போது சரியான எண்ணெயின் காலிப் போத்தலை சீட்டுக்குப் பின்னால் வைத்திருக்கிறார். எந்த வொர்க்‌ஷாப்புக்குப் போனாலும் முதலில் அதைத்தான் எடுத்து நீட்டுகிறார்.