மலையில்லாத ஊரில் மவுன்டன் பைக்: வளரும் பிள்ளைக்கு எந்த அளவு சரி?

"அப்பா, எனக்கு இதுதான் வேணும்!"

கடை வாசலில் நிற்கும் சைக்கிளை விட்டு நகர மறுக்கிறான் மூன்றாம் வகுப்புப் பையன். பட்டை டயர், முன்னாலும் பின்னாலும் ஷாக் அப்சார்பர், டிஸ்க் பிரேக், கியர் என்று பார்க்கவே மிரட்டலாக இருக்கிறது. ஏற்றி உட்கார வைத்தால், கால் கட்டைவிரல்கூடத் தரையில் படவில்லை. அப்பா தயங்குகிறார். "வளர்ற பையன்தானே சார், ஆறு மாசத்துல எட்டிடும்" என்கிறார் கடைக்காரர். பில் போட்டாகிவிடுகிறது.

எந்த ஊர் சைக்கிள் கடையிலும் பார்க்கக்கூடிய காட்சிதான் இது. ஆனால், நெய்வேலி நகரியத்தில் இதற்குக் கொஞ்சம் கூடுதல் கவனம் தேவை. 1956-ல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கப்பட்ட பிறகு, திட்டமிட்டுக் கட்டப்பட்ட ஊர் இது. வட்டம் வட்டமாகப் பிரித்த குடியிருப்புகள், நேரான தார்ச்சாலைகள், இருபுறமும் மரநிழல். பள்ளிக்கூடம், டியூஷன், விளையாட்டு மைதானம் என்று பிள்ளைகள் சைக்கிளிலேயே போய்வர வசதியான ஊர். அப்படித் தினமும் ஏறி இறங்கும் வண்டி அளவுக்குப் பொருந்தாமல் இருந்தால், சிக்கலும் தினமும்தான்.

பெரிய சைக்கிளில் என்ன ஆபத்து?

ஓட்டும்போது பெரிதாகத் தெரியாது, நிறுத்தும்போதுதான் தெரியும். ஷிஃப்ட் மாறும் நேரத்தில் சாலைச் சந்திப்பில் பைக்குகள் வரிசையாக வரும். பிள்ளை சட்டென்று பிரேக் பிடித்துக் காலை ஊன்ற வேண்டும். கால் எட்டவில்லை என்றால் சைக்கிள் ஒரு பக்கமாகச் சாயும். சீட்டிலிருந்து முன்னால் வழுக்கினால், நடுவில் உள்ள பாரில் இடுப்புக்குக் கீழே அடிபடும். கை விரல் பிரேக்கைச் சரியாக எட்டாவிட்டால், நிறுத்த வேண்டிய இடத்தில் வண்டி நிற்காது.

சின்ன சைக்கிளிலும் தொல்லை உண்டு. முட்டி அதிகமாக மடங்கி வலிக்கும். திரும்பும்போது முழங்கால் ஹேண்டில்பாரில் இடிக்கும்.

'24 இன்ச்' எதைக் குறிக்கிறது?

கடைகளில் 16, 20, 24, 26 இன்ச் என்று சொல்வது சக்கரத்தின் அளவை மட்டுமே. பிள்ளைக்குப் பொருந்துகிறதா என்பதைத் தீர்மானிப்பதில் பெரும்பங்கு ஃபிரேமுக்கு. 24 இன்ச் சக்கரம் கொண்ட இரண்டு மாடல்களில் ஒன்றின் பார் உயரமாகவும், இன்னொன்றின் பார் தாழ்வாகவும் இருக்கலாம். வயதை வைத்து வாங்குவதும் சரிப்படாது. ஒரே வகுப்பில் படிக்கும் இரண்டு பிள்ளைகளுக்கு இடையே ஒரு சாண் உயர வித்தியாசம் சாதாரணம்.

உத்தேசக் கணக்கு இதுதான். உயரம் 100 முதல் 120 செ.மீ. என்றால் 16 இன்ச். 115 முதல் 135 செ.மீ. என்றால் 20 இன்ச். 130 முதல் 150 செ.மீ. என்றால் 24 இன்ச். அதற்கு மேல் 26 இன்ச். இரண்டு அளவுக்கும் நடுவில் இருக்கும் பிள்ளைக்குக் கால் நீளமே முடிவு சொல்லும்.

வீட்டிலேயே அளக்கலாம்

பிள்ளையைச் செருப்பில்லாமல் சுவரோடு ஒட்டி நிற்கச் சொல்லுங்கள். ஒரு தடித்த நோட்டை இரண்டு கால்களுக்கும் நடுவே, சைக்கிள் சீட்டில் உட்கார்வதைப் போல மேலே தூக்கி வையுங்கள். நோட்டின் மேல் விளிம்பிலிருந்து தரை வரை டேப்பால் அளந்து, போனில் குறித்துக்கொள்ளுங்கள்.

கடையில் செய்ய வேண்டிய சோதனைகள்:

* பாரின் இருபுறமும் கால் ஊன்றி நிற்கும்போது, உடலுக்கும் பாருக்கும் இடையே குறைந்தது 5 செ.மீ. இடைவெளி வேண்டும். கால் அளவிலிருந்து பாரின் உயரத்தைக் கழித்தாலே இது தெரிந்துவிடும்.

* புதிதாகக் கற்பவர் என்றால், சீட்டில் உட்கார்ந்தபடி இரண்டு பாதமும் தரையில் பட வேண்டும். நன்றாக ஓட்டத் தெரிந்தவருக்கு முன்பாதம் பட்டால் போதும். அவருடைய கால், பெடல் அடியில் இருக்கும்போது முட்டி லேசாக மடங்கியிருக்க வேண்டும்.

* ஹேண்டில்பாரைப் பிடிக்கையில் முழங்கை சற்று வளைந்திருக்க வேண்டும். கையை விறைப்பாக நீட்டிப் பிடித்தால் அது பெரிய வண்டி.

* கைப்பிடியை விடாமல் விரல்களால் பிரேக்கை அழுத்த முடிகிறதா என்று பாருங்கள். பல லீவர்களில் ஒரு சிறிய திருகு இருக்கும். அதைத் திருகி, லீவரைக் கைப்பக்கம் நெருக்கமாக வைக்கச் சொல்லலாம்.

* கடைசியாக, கடை வாசலில் ஒரு சுற்று ஓட்டி, பிரேக் பிடித்து, இறங்கிக் காட்டச் சொல்லுங்கள்.

'வளர்ற பிள்ளை' கணக்கு

பெற்றோரின் கவலையிலும் நியாயம் இருக்கிறது. ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கியது ஒரே வருடத்தில் சின்னதாகிவிட்டால்?

பள்ளி வயதுப் பிள்ளை வருடத்துக்குச் சுமார் 5 முதல் 6 செ.மீ. வளரும். அதில் ஏறக்குறைய பாதிதான் கால் நீளத்தில் சேரும். ஆக, வருடத்துக்கு 3 செ.மீ. அளவுக்கு சீட்டை உயர்த்தினால் போதும். இன்று பொருந்துகிற சைக்கிளில், சீட்டை இன்னும் 8, 9 செ.மீ. உயர்த்த இடம் இருந்தால் இரண்டு, மூன்று வருடங்கள் தாங்கும். சீட் கம்பியில் 'இதற்கு மேல் இழுக்கக் கூடாது' என்ற கோடு இருக்கும். அதைத் தாண்டி இழுத்தால் கம்பி கழன்றோ வளைந்தோ விடலாம்.

வயதுக்கு வரும் பருவத்தில் மட்டும் வளர்ச்சி வேகம் பிடிக்கும். பெண் பிள்ளைகளுக்குப் பொதுவாக 11, 12 வயதையொட்டியும், ஆண் பிள்ளைகளுக்கு 13, 14 வயதையொட்டியும் இது உச்சத்தில் இருக்கும். அந்த நேரத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை சீட்டைச் சரிபாருங்கள்.

செலவைக் குறைக்க இன்னொரு வழி, பழைய சைக்கிள். ஓய்வுபெற்று குவார்ட்டர்ஸைக் காலி செய்யும் வீடுகளிலும், பிள்ளைகள் கல்லூரிக்குப் போய்விட்ட வீடுகளிலும் நல்ல வண்டி சும்மா நிற்கலாம். ஃபிரேமில் விரிசலும் வெல்டிங்கில் துருவும் இல்லை என்றால், டயர், பிரேக் கட்டை, கேபிள் மாற்றினால் போதும்.

ஷாக் அப்சார்பர் தேவையா?

மவுன்டன் பைக் பிறந்தது 1970-களில், அமெரிக்காவின் கலிஃபோர்னியா மலைச்சரிவுகளில். பழைய தடித்த டயர் சைக்கிள்களில் மண்பாதையில் இறங்கி விளையாடிய இளைஞர்கள், அதற்கென்றே வண்டி செய்யத் தொடங்கினார்கள். நெய்வேலியிலோ கண்ணில் படும் மேடு, சுரங்கத்திலிருந்து எடுத்துக் கொட்டிய மண்மேடுதான். அங்கே சைக்கிளுக்கு வேலையில்லை.

சமதளத் தார்ச்சாலைக்குப் பின்பக்க ஷாக் அப்சார்பர் அவசியமில்லை. அது எடையைக் கூட்டும். மிதிக்கும் பலத்திலும் கொஞ்சத்தை விழுங்கும். 25 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு 15 கிலோ சைக்கிள் என்றால், தன் எடையில் பாதிக்கு மேல் தள்ளிக்கொண்டு போக வேண்டும். வாங்கும் முன் பிள்ளையையே ஸ்டாண்டு எடுத்துத் தள்ளிப்பார்க்கச் சொல்லுங்கள். 21 கியரைவிட மணி, மட்கார்டு, பின்பக்கச் சிவப்பு ரிஃப்ளெக்டர், தலைக்குச் சரியான ஹெல்மெட் ஆகியவற்றுக்குச் செலவிடுவது பலன் தரும்.

ஒரு காலத்தில் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் அப்பாவின் பெரிய சைக்கிளில், பாருக்கு அடியில் காலை நுழைத்து 'குரங்கு பெடல்' போட்டுத்தான் பழகினார்கள். அந்தப் பெயரில் 2024-ல் ஒரு திரைப்படமே வந்தது. முட்டி சிராய்த்த அந்த நினைவு இனிமையானதுதான். ஆனால், அன்று வீட்டில் இருந்தது ஒரே சைக்கிள், வேறு வழியில்லை. இன்று கடையில் நாலு அளவு நிற்கிறது.

அந்த மூன்றாம் வகுப்புப் பையனுக்கும் 20 இன்ச்சில் ஒரு பட்டை டயர் சைக்கிள் கிடைக்கும். "இதுல உன் கால் தரையில படுதுல்ல? இப்ப நீயே ஓட்டிட்டு வீட்டுக்கு வா" என்று சொல்லிப் பாருங்கள். அந்தப் பெரிய சைக்கிளை அவன் திரும்பிப் பார்க்காமல் போகவும் வாய்ப்பு உண்டு.