கரகரப்பு எங்கிருந்து வருகிறது?

வீட்டு ஸ்பீக்கருக்குள் போகும் மின்சாரத்தில் ஒலியாக வெளியே வருவது ஏறக்குறைய நூறில் ஒரு பங்குதான். பல பெட்டிகளில் அதைவிடவும் குறைவு. மற்றதெல்லாம் வெப்பமாகி, எனாமல் பூசிய செம்புக் கம்பியால் சுற்றிய ஒரு சின்னக் காயிலைச் சுட்டெடுக்கிறது. அந்தச் சூட்டையும் தாங்கிக்கொண்டு, பெரும்பாலும் அரை மில்லிமீட்டர்கூட இல்லாத இடைவெளியில், எதிலும் உரசாமல், நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை முன்னும் பின்னும் ஓடவேண்டியது காயிலின் வேலை. இத்தனை நெருக்கடியில் உழைக்கும் பொருள் என்றாவது பழுதாகத்தான் செய்யும். ஆனால் எந்த உறுப்பு கெட்டதோ அதற்கென்று ஒரு சத்தம் உண்டு. கரகரப்பு ஒரு நோய், படபடப்பு இன்னொரு நோய், ஒலி மங்குவது வேறு, அடியோடு ஊமையாவது வேறு. காது கொடுத்துக் கேட்டாலே பாதி ரிப்பேர் முடிந்துவிடும்.

நூறு வயதான பொறி

இன்று நம் வீடுகளில் இருக்கும் ஸ்பீக்கரின் அமைப்பை 1925இல் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த செஸ்டர் ரைஸும் எட்வர்ட் கெல்லாகும் வெளியிட்டார்கள். காந்தப்புலத்தில் அசையும் காயில் என்ற கருத்துக்கு ஜெர்மனியின் வெர்னர் சீமென்ஸ் 1870களிலேயே காப்புரிமை பெற்றிருந்தார். ஆனால் அப்போது அந்தக் காயிலை இசையால் அசைக்க ஆம்ப்ளிஃபையர் கிடையாது. ரைஸ், கெல்லாக் காலத்தில் வால்வு ஆம்ப்ளிஃபையர் வந்துவிட்டது. அதன்பின் காந்தம் மாறியது, பசை மாறியது, கோன் செய்யும் பொருள் மாறியது; அடிப்படை மாறவில்லை. அதனால் ஒரு ஸ்பீக்கரைப் புரிந்துகொண்டவருக்கு ஏறக்குறைய எல்லா ஸ்பீக்கரும் புரியும்.

வளையக் காந்தத்தின் நடுவே ஓர் இரும்புத் தூண். அதைச் சுற்றியுள்ள ஒடுக்கமான வட்ட இடைவெளியில் காயில் தொங்குகிறது. காயிலில் மின்சாரம் பாய்ந்தால் விசை பிறக்கிறது. மின்சாரத்தின் திசை மாறினால் விசையின் திசையும் மாறுகிறது. காயிலோடு ஒட்டியிருக்கும் கோன் காற்றைத் தள்ளி இழுக்கிறது. கோனின் பின்பக்கம் ‘ஸ்பைடர்’ என்ற மடிப்புத் துணி காயிலை நடுவில் நிறுத்துகிறது. வெளிவிளிம்பில் ‘சரவுண்ட்’ என்ற வளையம் கோனைச் சட்டத்தோடு இணைக்கிறது. பழுது வரும் இடங்கள் பெரும்பாலும் இவைதான்.

பழுது பெட்டியிலா, வெளியிலா?

ஒரு பக்கம் மட்டும் சத்தம் வரவில்லை என்றால் உடனே ஸ்குரூ டிரைவரை எடுக்க வேண்டாம். ஆம்ப்ளிஃபையரை அணைத்துவிட்டு, அதன் பின்னால் இடது வலது ஸ்பீக்கர் வயர்களை இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். முன்பு ஊமையாக இருந்த பெட்டி இப்போதும் ஊமையாக இருந்தால் கோளாறு பெட்டியிலோ அதற்குச் செல்லும் வயரிலோ இருக்கிறது. ஊமைத்தனம் அடுத்த பெட்டிக்குத் தாவினால் பெட்டிமேல் குற்றமில்லை. ஆம்ப்ளிஃபையரையோ அதற்கு முன்னால் உள்ளவற்றையோதான் பார்க்க வேண்டும். ஆம்ப்ளிஃபையரின் உட்புறத்தைப் பழகிய மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே உள்ள கெப்பாசிட்டர்களில் மின்சாரம் தேங்கியிருக்கும்.

கோளாறு பெட்டியில்தான் என்று தெரிந்தால், வயரைக் கழற்றிவிட்டு ஸ்பீக்கரின் இரு முனைகளிலும் மல்டிமீட்டரை வையுங்கள். 8 ஓம் என்று எழுதிய ஸ்பீக்கர் 6 முதல் 7 ஓம் வரை காட்டும். 4 ஓம் ஸ்பீக்கர் 3 ஓமுக்குச் சற்று மேலே காட்டும். எழுதியிருப்பது மாறுமின்சாரத்துக்கான எதிர்ப்பு, மீட்டர் காட்டுவது கம்பியின் எதிர்ப்பு மட்டும்; ஆகவே இந்த வித்தியாசம் இயல்பானது. மீட்டர் எதையுமே காட்டவில்லை என்றால் எங்கோ அறுந்திருக்கிறது. ஏறக்குறைய பூஜ்யம் என்றால் காயில் ஷார்ட். அதை ஆம்ப்ளிஃபையரில் மாட்டினால் ஆம்ப்ளிஃபையரும் போகும்.

அறுந்திருக்கிறது என்றதும் காயில் எரிந்துவிட்டதாக முடிவு கட்டக்கூடாது. சட்டத்திலுள்ள முனையிலிருந்து கோனுக்குப் போகும் பின்னல் கம்பி, கோன் அசையும்போதெல்லாம் வளைந்து நிமிர்கிறது. பல ஆண்டு வளைவில் அது இற்றுப்போவது உண்டு. கம்பியை மெல்ல அசைக்கும்போது ஒலி விட்டுவிட்டு வந்தால் கோளாறு அங்கேதான். புதுப் பின்னல் கம்பி வைத்து இரண்டு இடத்தில் ஈயம் வைத்தால் ஸ்பீக்கர் பேசிவிடும்.

கருவியே இல்லாத ஒரு சோதனை

மின்சாரத்தால் காயில் அசைகிறது என்றால், காயிலை அசைத்தால் மின்சாரம் பிறக்கவேண்டும். மைக்கேல் ஃபாரடே 1831இல் கண்ட உண்மை இது. மல்டிமீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்துக் கோனை மெதுவாகத் தட்டிப் பாருங்கள், எண்கள் துள்ளும். அதாவது ஒவ்வொரு ஸ்பீக்கரும் ஒரு மைக்.

மீட்டரும் தேவைப்படாத, இன்னும் அழகான ஒரு சோதனை இருக்கிறது. பெட்டியிலிருந்து கழற்றிய வூஃபரின், அதாவது தாழ்ந்த ஒலிக்கான பெரிய ஸ்பீக்கரின், கோனை விரல் நுனியால் தட்டினால் ‘தொம்’ என்று சற்று நீண்டு ஒலிக்கும். இப்போது அதன் இரு முனைகளையும் ஒரு துண்டு வயரால் இணைத்துவிட்டு மறுபடி தட்டுங்கள். ‘டப்’ என்று ஒலி வெட்டுப்பட்டு நிற்கும். கோன் தேனுக்குள் அசைவதுபோல் தயங்கும். காயில் தானே உண்டாக்கிய மின்சாரம், தன்னை உண்டாக்கிய அசைவையே எதிர்த்து நிற்கிறது. லென்ஸ் என்ற இயற்பியலாளர் 1834இல் வகுத்த விதி இப்படி உங்கள் விரலுக்கே தெரிகிறது. காயில் அறுந்திருந்தால் இரண்டு முறையும் ஒரே சத்தம்தான் வரும்.

கரகரப்பும் படபடப்பும்

மெல்லிய பாட்டிலும் கரகரப்பு இருக்கிறதா? ஆம்ப்ளிஃபையரை அணைத்துவிட்டு, இரு கை விரல்களையும் கோனைச் சுற்றிச் சமமாக வைத்து மெதுவாக உள்ளே தள்ளி விடுங்கள். சத்தமின்றி வழுக்கிச் சென்று திரும்பவேண்டும். மணல் உரசுகிற ஒலி கேட்டால் காயில் இடைவெளியின் சுவரைத் தொடுகிறது. சூட்டில் காயில் நெளிந்திருக்கலாம், நடுநிலை பிசகியிருக்கலாம், இரும்புத்தூள் புகுந்திருக்கலாம். நெளிந்த காயிலை நிமிர்த்த முடியாது. கோனும் காயிலும் புதிதாக மாற்றுவதே வழி.

பேஸ் வரும்போது மட்டும் படபடத்தால் காயிலைச் சந்தேகிக்க வேண்டாம். நடுவிலுள்ள டஸ்ட் கேப் பசை விட்டிருக்கும், ஸ்பைடர் சட்டத்திலிருந்து கழன்றிருக்கும், அல்லது சரவுண்ட் கிழிந்திருக்கும்.

சரவுண்டுக்கு ஒரு தனிக் கதை உண்டு. 1954இல் எட்கர் வில்ச்சர் அமெரிக்காவில் ஏஆர்-1 என்ற மூடிய பெட்டியை அறிமுகப்படுத்தினார். கோனை மிகத் தளர்வாகத் தொங்கவிட்டு, பெட்டிக்குள் அடைபட்ட காற்றையே ஸ்பிரிங்காக வேலை வாங்கினார். சிறிய பெட்டியில் ஆழமான பேஸ் சாத்தியமாயிற்று. தளர்வான சரவுண்டுக்கு இலேசான பாலியூரித்தேன் நுரை பின்னர் பரவலாகப் பயன்பட்டது. அந்த நுரை காற்றின் ஈரத்தாலும் ஆக்சிஜனாலும் சிதைந்து, பத்து இருபது ஆண்டுகளில் தொட்டாலே உதிரும். வெப்பமும் ஈரமும் கூடிய கடலோர ஊர்களில் அது இன்னும் சீக்கிரம் நடக்கும்.

இதைச் சரிசெய்யப் பொறுமை போதும். பழைய நுரையைச் சுரண்டி எடுத்து, அதே அளவில் புது வளையம் ஒட்டவேண்டும். கடினமானது ஒட்டுவதல்ல, காயிலை நடுவில் நிறுத்துவது. டஸ்ட் கேப்பை வெட்டியெடுத்து, தூணுக்கும் காயிலுக்கும் நடுவே சம கனமுள்ள பிலிம் துண்டுகளைச் சுற்றிலும் செருகிய பிறகே ஒட்டுவார்கள். பசை முழுதாகக் காய்ந்தபின் துண்டுகளை உருவிவிட்டுப் புது கேப் ஒட்டவேண்டும். அருகில் ஸ்குரூ டிரைவரை அலட்சியமாக வைக்காதீர்கள். காந்தம் இழுத்தால் அது கோனைக் குத்திவிடும்.

ட்வீட்டர் ஏன் முதலில் எரிகிறது?

பெரிய ஆம்ப்ளிஃபையர்தான் ஸ்பீக்கரை எரிக்கும் என்று பலரும் நம்புகிறார்கள். சின்ன ஆம்ப்ளிஃபையரை முழு வால்யூமில் வைத்தும் எரிக்கலாம். தன் சக்திக்கு மேல் கேட்டால் ஆம்ப்ளிஃபையர் அலைகளின் உச்சியைத் தட்டையாக வெட்டிவிடும். வெட்டுப்பட்ட அலை சதுர வடிவத்தை நெருங்கும். ஒரே உச்சமுள்ள சைன் அலையைவிடச் சதுர அலை இரு மடங்கு ஆற்றல் சுமக்கும். வெட்டுப்பட்ட ஓரங்களிலிருந்து இல்லாத உயர் ஒலிகளும் பிறக்கும். அவை நேராக, உயர் ஒலிக்கான சிறு ஸ்பீக்கரான ட்வீட்டருக்குப் போகும். வூஃபரைவிட அதன் காயில் மிகச் சிறியது, தாங்காது.

பல ட்வீட்டர்களின் இடைவெளியில் காந்தத்தன்மை உள்ள எண்ணெய் ஒன்று இருக்கும். அமெரிக்காவின் நாசாவில் 1963இல் ஸ்டீவ் பாப்பெல் ராக்கெட் எரிபொருளுக்காக உருவாக்கிய ஃபெரோஃப்ளூயிட் அது. எடையற்ற விண்வெளியில் எரிபொருளைக் காந்தத்தால் இழுக்க நினைத்தார். இங்கே அது காயிலின் சூட்டைக் காந்தத்துக்குக் கடத்துகிறது. ஆண்டுகள் போனால் பிசினாக இறுகி, ட்வீட்டரின் குரலை அடக்கிவிடும். பழையதைத் துடைத்துப் புதிதாக விட்டால் குரல் தெளியும்.

ட்வீட்டர் நன்றாக இருந்தும் உயர் ஒலி மங்கினால், ஒலியை வூஃபருக்கும் ட்வீட்டருக்கும் பிரித்தனுப்பும் கிராஸ்ஓவர் பலகையிலுள்ள கெப்பாசிட்டர் உலர்ந்திருக்கலாம். அதே மைக்ரோஃபாரட் அளவு, குறையாத வோல்ட் அளவு, நான்-போலார் வகை என்ற மூன்றையும் பார்த்து வாங்கவேண்டும்.

எறிவதற்கு முன்

ஒரு ஸ்பீக்கரில் அதிக எடையும் விலையும் உள்ளவை காந்தமும் இரும்புச் சட்டமும்தான். அவை பெரும்பாலும் கெடுவதில்லை. கெடுவது சில அடி கம்பி, ஒரு வளையம் நுரை, ஒரு கெப்பாசிட்டர். கோவில் திருவிழாவுக்கு மைக் செட் கட்டுகிற ஊர்களில் காயில் சுற்றவும் கோன் மாற்றவும் தெரிந்த கைகள் இன்னும் இருக்கின்றன. அவர்களுக்கு வேலை கொடுப்போம். கரகரப்பு கேட்ட அன்றே வால்யூமைக் குறையுங்கள். உரசும் காயிலைத் தொடர்ந்து ஓட்டினால் சின்னப் பழுது பெரிய பழுதாகும். பழைய இரும்புக்குப் போடுவதற்கு முன் ஒரு முறை மீட்டர் வைத்துப் பாருங்கள், ஒரு முறை விரலால் தட்டிக் கேளுங்கள்.