காற்று எங்கே கசிகிறது?

2011 ஜூன் 30ஆம் தேதி இரவு தஞ்சோங் பகார் ரயில் நிலையத்திலிருந்து கடைசி ரயில் கிளம்பியது. ஓட்டிச் சென்றவர் ஜோகூர் சுல்தான். அந்த டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் ஒன்றுகூடக் கிடையாது. பிறகு எரிபொருள் எப்படிப் பற்றுகிறது? சிலிண்டருக்குள் காற்றை வேகமாக நெருக்கினால் அது 500 டிகிரி செல்சியசுக்கும் மேல் சூடாகும். அதில் தெளிக்கும் டீசல் தானாகவே எரியும். இந்தச் சூட்சுமம் நம் வட்டாரத்துக்குப் பழையது. சிறு குழாய்க்குள் தண்டை ஓங்கி அடித்தே மலாய்க்காரர்கள் நெருப்பு மூட்டினார்கள்.

பெட்ரோல் இன்ஜினுக்குப் பிளக் உண்டு. ஆனாலும் நெருக்கம் குறைந்தால் வண்டி இழுக்காது. சிங்கப்பூரில் பழைய கார் வைத்திருப்போருக்கு இது தீராத கவலை. 35 வயதான காரைக் கிளாசிக் வாகனமாகப் பதிந்தால் ஆண்டுக்கு அதிகபட்சம் 45 நாள்தான் ஓட்டலாம். மீதி 320 நாளும் அது இந்த ஈரக்காற்றில் சும்மா நிற்கும். சிலிண்டர் சுவரில் துரு ஏறும், பிஸ்டன் ரிங் ஒட்டிக்கொள்ளும். சந்தேகத்துக்காக இன்ஜினைப் பிரித்தால் செலவு பெரிது. பழைய உதிரிப் பாகம் கிடைப்பதும் லேசல்ல.

அதனால் மெக்கானிக் முதலில் அழுத்தமானியை எடுக்கிறார். இன்ஜினைச் சூடாக்கி அணைத்து, தீப்பொறி வராதபடி காயில் இணைப்பைக் கழற்றுவார். எல்லாப் பிளக்கையும் எடுத்துவிட்டு, ஒரு துளையில் மானியைப் பொருத்துவார். ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தபடி, ஸ்டார்ட்டரால் இன்ஜினை நாலைந்து சுற்றுச் சுற்றவைப்பார்.

முள் எங்கே நிற்க வேண்டும்? பழைய கார்களில் காற்று ஏறக்குறைய ஏழில் ஒரு பங்காகச் சுருங்கும். பாயில் விதிப்படி அழுத்தம் 7 மடங்கு. வளிமண்டல அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 14.7 பவுண்டு என்பதால் மொத்தம் 103. மானி வளிமண்டலத்துக்கு மேற்பட்டதை மட்டுமே காட்டும். ஆக 88 வர வேண்டும். ஆனால் நல்ல இன்ஜின் 120 காட்டும்! பாயில் தப்புச் சொல்லவில்லை. அவர் விதி வெப்பநிலை மாறாதபோதுதான் பொருந்தும். இங்கே காற்று சூடாகிவிடுகிறதே.

நான்கு சிலிண்டரில் 120, 118, 75, 121 வந்தால் மூன்றாவதில் கசிவு. அதில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு மறுபடி அளப்பார்கள். அழுத்தம் ஏறினால், எண்ணெய் அடைத்த இடைவெளி ரிங்கில் இருக்கிறது. ஏறாவிட்டால் வால்வைப் பார்க்க வேண்டும். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டரும் சேர்ந்து இறங்கியிருந்தால், நடுவே ஹெட் கேஸ்கெட் விட்டிருக்கலாம்.

நான்குமே 70 காட்டினால்? பதறி இன்ஜினைப் பிரித்தவர்கள் உண்டு. ஆக்சிலரேட்டரை மிதிக்க மறந்திருந்தால், உள்ளே போதிய காற்றே போயிருக்காது.