நகரத்தைக் காண எங்கே நிற்பது?

தோட்டங்களில் துரையின் பங்களா பெரும்பாலும் குன்றின் மேல் இருந்தது. நம் லயன் வீடுகள் தாழ்வில் இருந்தன. மேலே காற்று நன்றாக வரும் என்பது ஒரு காரணம். வேலைக்காடு முழுவதையும் ஒரே பார்வையில் அடக்கலாம் என்பது இன்னொன்று. கூலாயிலிருந்தும் உலு திராமிலிருந்தும் ஜொகூர் பாருவுக்கு வரும் நம் குடும்பங்கள், கடைத்தொகுதிக்குள் நுழைந்து, சாமான் வாங்கிக்கொண்டு அடுத்த பேருந்தில் திரும்பிவிடுகின்றன. நகரத்தைப் பார்த்தோம் என்கிறோம். பார்த்தது கடைகளைத்தான்.

நகரத்தைப் பார்க்க மிக உயர்ந்த மாடிக்கு ஏற வேண்டும், அதற்குப் பணம் வேண்டும் என்று பலர் எண்ணுகிறார்கள். பூமி உருண்டை அல்லவா? ஆகையால் கடற்கரையில் நிற்பவருக்கு நாலரை கிலோமீட்டர் தூரத்தில் அடிவானம் வந்துவிடுகிறது. 25 மீட்டர் மேட்டில் ஏறினால் அது 18 கிலோமீட்டராகிறது. அதைப்போல நாலு மடங்கு, அதாவது 100 மீட்டர் ஏறினாலோ 36 கிலோமீட்டர்தான். உயரம் நாலு மடங்கானால் தூரம் இரண்டு மடங்கே கூடுகிறது. பெரிய லாபம் முதல் ஏற்றத்திலேயே கிடைத்துவிடுகிறது என்பதைக் கவனியுங்கள்.

அந்த முதல் ஏற்றத்துக்கு ஏற்ற இடம், 1900ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட சுல்தான் அபு பக்கார் பள்ளிவாசல் நிற்கும் குன்று. தொழுகைக்கு வருவோருக்கு இடையூறு இல்லாமல் சாலையோரத்தில் நின்றாலே போதும். தெப்ராவ் நீரிணை கீழே விரிகிறது. மேற்கே டங்கா பே கரை மாலைச் சூரியனுக்கு உரியது. அதற்கு எதிர்க்கரையில் கிராஞ்சிப் பக்கம் இன்றும் பச்சையாகவே இருப்பதால் கண்ணுக்கு இதமாக இருக்கும்.

அந்தப் பக்கத்திலேதான் புக்கிட் செரின் அரண்மனை இருக்கிறது. 1942ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஜப்பானியத் தளபதி யாமாஷிதா அதைத் தம் தலைமையிடமாக்கி, அதன் கோபுரத்திலிருந்து சிங்கப்பூரை நோட்டமிட்டார். 8ஆம் தேதி இரவு அவர் படைகள் நீரிணையைக் கடந்தன; 15ஆம் தேதி சிங்கப்பூர் சரணடைந்தது. ஒரு கோபுரத்திலிருந்து கிடைத்த காட்சிக்கு இருந்த மதிப்பு அது.

நகரின் கிழக்கே ஸ்துலாங் லாவுட் கரை தாழ்வானது. ஆனாலும் நம்மைக் கேட்டால் அதையே முதலில் சொல்லுவோம். அங்கிருந்து மேற்கே திரும்பினால் கடற்பாலம் தெரியும். சுமார் ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாலம் 1924இல் முறையாகத் திறக்கப்பட்டது. உபின் தீவிலும் புக்கிட் தீமாவிலும் வெட்டிய கருங்கல்லைக் கடலில் கொட்டிக் கட்டினார்கள். அந்தப் புக்கிட் தீமா, நகரத்திலிருந்து சுமார் 12 கிலோமீட்டர் தெற்கே, 163 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. மாடிக் கட்டடங்கள் மறைக்காத இடத்தில் அதையும் தேடிப் பார்க்கலாம். பாலத்துக்கும் நமக்கும் நடுவே உயரத் தூண்களில் செல்வது, 2024 ஜனவரியில் நடுக்கடலில் இணைக்கப்பட்ட புதிய ரயில் பாலம்.

விடியுமுன் மோட்டார் சைக்கிளில் அந்தக் கடற்பாலத்தைக் கடந்து வேலைக்குப் போகும் பிள்ளைகள் நம் தோட்டங்களிலும் உண்டு. மகன் "அக்கரைக்குப் போகிறேன்" என்று சொல்லிப் போவது எங்கே என்பதை, பல தாய்மார்கள் கண்ணால் பார்த்ததில்லை. அவர்களை ஒருமுறை அழைத்து வாருங்கள்.

எப்போது வருவது? மழை பெய்து ஓய்ந்த மறுமணி நேரம் மிக நல்லது, தூசியைக் கழுவிவிடும். ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை சுமத்ராவிலிருந்து புகைமூட்டம் வரும் ஆண்டுகளில் எதிர்க்கரையே மங்கிப்போகும். நாம் பார்ப்பது தெற்குத் திசை. ஜூன் மாதத்தில் உச்சிச் சூரியன் நமக்குப் பின்னால், வடக்கே இருக்கும். காட்சி தெளிவாக இருக்கும். டிசம்பரில் அதே வெயில் முகத்தில் அடிக்கும். உச்சிவேளை என்றது நம் கடிகாரத்தில் பகல் ஒரு மணி. 1982ஆம் ஆண்டு முதல் தேதியில் அரை மணி முன்னே தள்ளி வைத்தோமே, அதனால் வந்தது. காலை எட்டு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் வெயில் பக்கவாட்டில் விழும். வயதானவர்களுக்கும் குழந்தைகளுக்கும் அந்த நேரமே ஏற்றது. குடை ஒன்றும் தண்ணீர்ப் புட்டி ஒன்றும் கையில் இருக்கட்டும்.