ஜோன்ஸ்: தகப்பன் பெயர் பரம்பரைப் பெயரான கதை

வைத்தியரிடம் காட்டப் போய்க் காத்திருக்கிறோம். தாதி வந்து, 'மிஸ்டர்' என்று போட்டு எங்கள் அப்பாவின் பெயரைக் கூப்பிடுகிறார். ஊரிலிருக்கும் அப்பாவை இங்கே யார் தேடுகிறார்கள் என்று ஒரு கணம் திகைத்துவிட்டு, பிறகுதான் எழும்புகிறோம். இந்நாட்டுக்கு வந்த புதிதில் எம்மில் பலருக்கு இந்த அனுபவம் உண்டு. மனைவிக்குக் கணவனின் பெயர், பிள்ளைக்குத் தகப்பனின் பெயர், தகப்பனுக்கு அப்பப்பாவின் பெயர். 'நீங்கள் எல்லோரும் ஒரே குடும்பமா?' என்று கேட்கும் அதிகாரிக்கு இதை விளங்கப்படுத்துவதற்குள் போதும் போதும் என்றாகிவிடுகிறது.

ஆனால் இதே பிரித்தானியாவில், எம்மைப் போலவே தகப்பன் பெயரோடு வாழ்ந்த ஒரு மக்கள் இருந்தார்கள். அவர்கள் வேல்ஸ் நாட்டவர். அந்த வழக்கம் மறைந்தபோது மிஞ்சிய பெயர்களில் ஒன்றுதான் ஜோன்ஸ். இன்று வேல்சில் முதலாவதாகவும், பிரித்தானியா முழுவதிலும் சிமித்துக்கு அடுத்ததாகவும் இருக்கும் குடும்பப் பெயர் இது.

'அப்' என்றால் மகன்

வேல்ஸ் மொழியில் இரண்டு பெயர்களுக்கு நடுவே 'அப்' என்று வந்தால் 'மகன்' என்று பொருள். அப் ரீஸ் என்பது திரிந்து பிறைஸ் ஆனது. அப் ஹவெல், பவல் ஆனது. அப் ஹரி, பரி ஆனது. மகனுக்கு மகன் பிறந்தால் பின்பெயரும் மாறிவிடும்.

1536 ஆம், 1543 ஆம் ஆண்டுச் சட்டங்களால் வேல்ஸ் இங்கிலாந்தின் ஆட்சிமுறைக்குள் கொண்டுவரப்பட்டது. நீதிமன்ற மொழி ஆங்கிலமானது. எழுதுவினைஞர்களுக்கு நிலையான குடும்பப் பெயர் தேவைப்பட்டது. வசதி படைத்தோர் முதலில் மாறினார்கள். நாட்டுப்புறங்களில் பழைய வழக்கம் 18 ஆம் நூற்றாண்டிலும் நீடித்தது. ஜோனின் பிள்ளைகள் ஜோன்ஸ் ஆனார்கள். எமது கிறிஸ்தவ அன்பர்கள் யோவான் என்றும் அருளப்பர் என்றும் சொல்லும் அதே பெயர்தான் ஜோன். இதில் ஒரு வேடிக்கை, 'ஜே' என்ற எழுத்தே பழைய வேல்ஸ் நெடுங்கணக்கில் இல்லை!

ஒரே ஊரில் பல ஜோன்ஸ் இருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது? பால்கார ஜோன்ஸ், பாண்கார ஜோன்ஸ் என்று தொழிலைச் சேர்த்து அழைத்தார்கள். எங்கள் ஊரில் சங்கக்கடை மாமா, தபாற்கந்தோர் ஐயா என்று சொன்னது போலத்தான். 2006 நவம்பரில் கார்டிஃப் நகரில் 1,224 ஜோன்ஸ்கள் ஒரே மண்டபத்தில் கூடி உலக சாதனை படைத்தார்கள்.

பெயர் பெற்ற ஜோன்ஸ்கள்

லண்டன் வைட்ஹோலில் உள்ள விருந்து மாளிகையையும், கிறீனிச்சில் உள்ள இராணி மாளிகையையும் வடிவமைத்தவர் இனிகோ ஜோன்ஸ் (1573-1652). துணித் தொழிலாளி ஒருவரின் மகன் இவர்.

வட்டத்தின் கணக்கில் எங்கள் பிள்ளைகள் படிக்கும் 'பை' என்ற குறியை அந்தப் பொருளில் 1706 இல் முதன்முதல் பயன்படுத்தியவர் வில்லியம் ஜோன்ஸ். வேல்சின் அங்கிள்சீ தீவில் பிறந்தவர். தகப்பன் பெயர் ஷோன், அதாவது ஜோன். ஆகவே இவர் ஜோன்ஸ். பழைய வழக்கப்படி இவருடைய மகன் வில்லியம்ஸ் ஆகியிருக்க வேண்டும். ஆனால் அவரும் ஜோன்ஸாகவே இருந்தார். அவர்தான் 1784 இல் கல்கத்தாவில் ஆசியக் கழகத்தை நிறுவிய சேர் வில்லியம் ஜோன்ஸ். ஒரே தலைமுறையில் தகப்பன் பெயர் பரம்பரைப் பெயராக உறைந்துவிட்டது.

நாம் மறக்கக்கூடாத இன்னொருவர் குளோடியா ஜோன்ஸ். 1915 இல் திரினிடாட்டில் பிறந்த இவர், அரசியல் காரணமாக அமெரிக்காவிலிருந்து வெளியேற்றப்பட்டு 1955 இல் லண்டன் வந்தார். ஜோன்ஸ் இவர் பிறந்த பெயர் அல்ல. தன்னைக் காத்துக்கொள்ளத் தானே சூடிக்கொண்ட பெயர். 1958 இல் தன் சமூகத்துக்காகப் பத்திரிகை தொடங்கினார். அவ்வாண்டு நொட்டிங்ஹில்லில் நிறவெறிக் கலவரம் வெடித்தது. மனம் தளராமல், 1959 இல் மண்டபத்துக்குள் ஒரு கார்னிவல் விழா நடத்தினார். இன்றைய நொட்டிங்ஹில் விழாவுக்கு அது முன்னோடி.

இந்தப் பெயரை விட்டவர்களும் உண்டு. பாடகர் டேவிட் போவி பிறக்கும்போது டேவிட் ஜோன்ஸ். வேறொரு பாடகருடன் குழம்பக்கூடாது என்று மாற்றிக்கொண்டார்.

எங்கள் பிள்ளைகளுக்கு?

இங்கிலாந்திலும் வேல்சிலும் பிள்ளை பிறந்து 42 நாட்களுக்குள் பதிய வேண்டும். என்ன குடும்பப் பெயர் என்பதைப் பெற்றோரே தீர்மானிக்கலாம். தகப்பனின் பெயராகவோ தாயின் பெயராகவோதான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆகவே பதிவுக் கந்தோரின் வாசலில் நின்று யோசிக்காமல், முன்கூட்டியே வீட்டில் இருந்து பேசுங்கள். எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே பெயரா, ஒரே எழுத்துக்கூட்டலா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஷோன் என்ற தகப்பனின் பெயர், கல்கத்தாவில் பேரனின் பெயரோடு நின்றது. நாம் இன்று படிவத்தில் எழுதும் பெயரும் எம் பேரப்பிள்ளைகளோடு அப்படியே போகலாம். அது யாருடைய பெயர், அவர் எந்த ஊர் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லி வைப்போம்.