போர் விமானமும் விளம்பரத்துக்கு ஆகும்

பிரிட்டிஷ் கடற்படையின் எஃப்-35பி போர் விமானம் ஒன்று 2025 ஜூன் 14 இரவு திருவனந்தபுரத்தில் அவசரமாக இறங்கியது. பிறகு ஹைட்ராலிக் கோளாறு. உலகின் மிக விலையுயர்ந்த போர் விமானங்களில் ஒன்று கேரளத்து மழையில் நாள் கணக்கில் நனைந்துகொண்டு நின்றது. லண்டனுக்குத் தர்மசங்கடம். கேரளச் சுற்றுலாத் துறைக்கோ அதிர்ஷ்டம். தென்னை மரங்களுக்கு நடுவே விமானம் நிற்பது போன்ற படம், கூடவே ஐந்து நட்சத்திரங்கள், 'இங்கிருந்து போக மனமில்லை' என்று விமானமே சான்றிதழ் எழுதிக் கொடுத்த பாவனை. ஜூலை முதல் வாரத்தில் எக்ஸ் தளத்தில் வந்த இந்தக் குறும்பை வெளிநாட்டுப் பத்திரிகைகளும் எடுத்துப் போட்டன. ஜூலை 22-ல் விமானம் பறந்துவிட்டது.

ஆனால் சிரித்தவர்கள் எல்லோரும் டிக்கெட் வாங்கிவிடுவதில்லை. அவர்களை வாடிக்கையாளர்களாக மாற்றும் வேலை துறையின் இணைய தளத்தில் நடக்கிறது. 1998-ல், அதாவது கூகுள் நிறுவனம் பிறந்த அதே ஆண்டில், தொடங்கப்பட்ட தளம் அது. திருவனந்தபுரத்தின் இன்விஸ் மல்டிமீடியா நீண்ட காலம் அதன் பின்னணியில் உழைத்திருக்கிறது. இன்டர்நெட் என்றால் என்னவென்று பல அரசு அலுவலகங்களுக்கே தெரியாத காலம் அது.

'கடவுளின் சொந்த நாடு' என்ற வாசகம் அதற்கும் முந்தியது, 1989-ல் உருவானது. பிரமாதமான வாசகம்தான். ஆனால் யாரும் அதைத் தட்டச்சு செய்து தேடுவதில்லை. ஜெர்மனியில் முதுகு வலியால் அவதிப்படுகிறவர் சிகிச்சையைத் தேடுகிறார். தெய்யம் எந்தத் தேதியில் எந்தக் கோயிலில் நடக்கும் என்பது இன்னொருவரின் கேள்வி. மீன் குழம்பு எப்படி வைப்பது என்று கேட்பவரும் உண்டு. தளத்தின் சாமர்த்தியம் இங்கேதான். தெய்யத்துக்கு ஒரு நாட்காட்டி, திருவிழாக்களுக்குத் தனிப் பட்டியல், சமையல் குறிப்புகள், வீடியோக்கள், அரசு தரச் சான்று பெற்ற ஆயுர்வேத மையங்களின் முகவரிகள். எதையும் விற்காதது போன்ற தோரணையில் இத்தனையும் இலவசம். தகவலுக்காக வந்தவர், எப்போது போகலாம் என்று யோசிக்கத் தொடங்கியிருப்பார். அதுவும் அவரவர் மொழியில்: ஜெர்மன், பிரெஞ்சு, ரஷ்யன், அரபி, இந்தி, தமிழ் என்று. தமிழ்ப் பக்கங்கள் தயவுக்காகப் போடப்பட்டவை அல்ல. பிற மாநிலங்களிலிருந்து கேரளம் வருவோரில் தமிழ்நாட்டவர்தான் முதலிடம்.

மழையைக்கூட விற்றுவிட்டார்கள். தென்மேற்குப் பருவ மழை என்றால் கோவளத்தில் ஓட்டல்கள் காற்று வாங்கும். அந்த மாதங்களே ஆயுர்வேத சிகிச்சைக்கு உகந்தவை என்ற மரபான நம்பிக்கையைத் துறை பிடித்துக்கொண்டது. பாலைவன நாடுகளின் அராபியர்களுக்கோ மழையே ஒரு காட்சி.

கணக்கு மட்டும் ஒரு பக்கம் இடிக்கிறது. 2019-ல் 11.89 லட்சம் வெளிநாட்டவர் வந்தார்கள். கொரோனாவுக்குப் பிறகு 2023-ல் வந்தவர்கள் 6.49 லட்சமே. இந்தியப் பயணிகள் 2.18 கோடியைத் தொட்டதால் மானம் தப்பியது.

இந்தக் கோடிகளில் பலர் அரசு தளத்தில் படித்துவிட்டு, அறையை வேறு இடத்தில், செல்போனில் இருக்கும் பயண நிறுவனங்களின் செயலிகளில் பதிவு செய்கிறார்கள். இரண்டு மூன்று அறைகளை வாடகைக்கு விடும் ஹோம்ஸ்டே குடும்பத்துக்கு இதுதான் தலைவலி. கமிஷன் வாடகையில் 15 சதவீதம், அதற்கு மேலும் போகும். செலவு செய்து சொந்தமாக இணைய தளம் வைத்துக்கொண்டால் தப்பலாமே? அதற்கும் முட்டுக்கட்டை இருந்தது. தங்கள் செயலியில் உள்ள விலையைவிடக் குறைவாக ஓட்டல்காரர் தம் தளத்தில்கூட விற்கக் கூடாது என்று ஒப்பந்தங்களில் நிபந்தனை. 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம் மேக்மைட்ரிப்-கோஐபிபோவுக்கு 223.48 கோடி ரூபாய் அபராதம் விதித்து, அந்த நிபந்தனையை நீக்கச் சொன்னது. அதே வழக்கில் ஓயோவுக்கு 168.88 கோடி.

ஆணையம் ஆணையிடலாம். ஆனால் செயலியின் பட்டியலில் மேலே நிற்பது யார், கீழே தள்ளப்படுவது யார் என்பதைச் செயலிதான் தீர்மானிக்கிறது. அதை முற்றாக விட்டுவிடும் தைரியம் சின்ன முதலாளிக்கு வராது. முதல் முறை வருகிற விருந்தாளி செயலி வழியாகவே வரட்டும் என்று விட்டுவிட்டு, அவர் கிளம்பும்போது பில்லோடு வாட்ஸ்அப் எண்ணையும் கையில் கொடுக்கலாம். அடுத்த முறை அவர் நேரே அழைத்தால் கமிஷன் மிச்சம்.